விளக்கு போடாத பால்கனி

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் பால்கனியைக் கழுவினேன். நான்கு வாளித் தண்ணீர். சர்க்கரை மில் ஓடுகிற ஆறு மாசமும் எங்கள் ஃபிஜி லௌடோகாவில் கரும்புக் கரி பெய்துகொண்டே இருக்கும். கழுவிவிட்டுத் திரும்பினால் புதுசாக இரண்டு துணுக்கு வந்து உட்கார்ந்திருக்கும், விருந்தாளி மாதிரி. சுமிந்திரா இருந்தால் கரியைத் திட்டிக்கொண்டே கழுவுவாள். திட்டாமல் கழுவினால் கறை போகாது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த டைரி பஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாசமாக அலமாரி மேல் கிடந்தது. ஆறாம் கிளாஸோடு நின்றவனுக்கு டைரி எதற்கு? ஆனால் ஒரு சங்கடம். பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறேன், வாயும் ஓடுகிறது. சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் அதற்குமேல் தோன்றுகிற பேச்செல்லாம் வீண். நேற்று ஒரு நல்ல கிண்டல் தோன்றியது. சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவர் சிரிக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மனைவி சுமிந்திரா மார்ச்சில் சிட்னி போனாள். மகள் ஷிவ்நீத்தாவுக்குப் பிரசவம். மூன்று மாசம் என்று சொல்லிவிட்டுப் போனவள். மூன்று ஆறாகி, ஆறு ஏழாச்சு. இருபத்து நாலாம் தேதிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. முப்பத்தொன்று தீபாவளி.

இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பால்கனியை ஜோடிப்பது அவள்தான். நான் ஏணி பிடிப்பவன். பிடித்துக்கொண்டே கேலி பண்ணுபவன். இந்த வருஷம் அவள் டாக்சியை விட்டு இறங்கி மேலே பார்க்கும்போது எல்லாம் தயாராக இருக்கவேண்டும். வாயடைத்துப் போய் நிற்கவேண்டும். அப்போது நான் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். எழுதமாட்டேன். பழசாகிவிடும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பஸ்ஸில் இன்றைக்கு வெடித்தது இது: "எங்க வீட்டம்மா போன விமானம் ஒரு பக்கமா சாஞ்சுதான் பறந்துச்சாம். திரும்பி வர்றப்போ நடு சீட்டுல உக்காரச் சொல்லி பைலட்டே லெட்டர் போட்டிருக்கான்!" மார்க்கெட்டிலிருந்து சிம்லா ஸ்டாப் வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஃபிஜி தினம். லீவு. பால்கனிக் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தேன். டிப்போவில் மிச்சமிருந்த பெயிண்ட், பச்சையும் மஞ்சளும். கீழ்வீட்டு மெரேஸீனி மார்க்கெட்டுக்குக் கிழங்கு கொண்டுபோகிறவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ டிரைவர், வீட்டுக்கு எந்த ரூட் நம்பர் போடப்போற?"

"இது எக்ஸ்பிரஸ் மெரே. உன் வாசல்ல நிக்காது."

"நிக்கவேணாம். மேல பெயிண்டு சொட்டுது, அத நிறுத்து மொதல்ல."

அவள் போகிறவரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். போனபிறகு கொஞ்ச நேரம் ஒற்றைக் கம்பியையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

சுமிந்திரா போன். படம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு பால்கனி முழுக்கச் சுற்றிக் காட்டினேன். ரகசியமாக வைக்கவேண்டும் என்றுதான் இருந்தேன். என் வாயில் எது தங்கும்?

"சீரியல் லைட்ட கம்பிமேல சுத்தாத, ஷிவ்நீத்தா அப்பா. கரி ஒட்டும். உள்பக்கமாக் கட்டு. மூங்கில் சட்டத்துக்கு ஆணி ஒரு சாணுக்கு ஒண்ணு. நெருக்கி அடிச்சா அகல் ஒண்ணுக்கொண்ணு சுட்டுக்கும். மாவிலைய முந்தின நாள் கட்டு, வாடிப்போகும்."

எல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டேன். அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது போல இருந்தது. அந்த உற்சாகத்தில் விமானக் கிண்டலைச் சொன்னேன். பஸ்ஸே குலுங்கியது என்றும் சொன்னேன்.

சத்தமே இல்லை. லைன் சரியில்லை போல.

பிறகு, "குழந்தை அழுவுறா, வைக்கிறேன்" என்றாள். எனக்குக் குழந்தை அழுத சத்தம் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

மெரேஸீனியின் தம்பி மூங்கில் கொண்டுவந்து போட்டான். பிளந்து சட்டம் கட்டினேன். முப்பத்தாறு ஆணி. முப்பத்தேழாவது ஆணி என் கட்டைவிரல். விரலைக் கட்டிக்கொண்டு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கௌஷல்யா அவள் வாசலில் நின்றே கை தட்டினாள். "அண்ணி வந்து பார்த்தா மயங்கி விழுந்துருவாங்க அண்ணே!"

"விழுந்தா தூக்க நாலு பேரு வேணும், உன் வீட்டுக்காரரை ரெடியா இருக்கச் சொல்லு."

நல்ல நாள்.

அக்டோபர் 19, சனி

வரமாட்டாளாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று எழுத வரவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

"டிக்கெட்ட மாத்திட்டோம்" என்றாள்.

"எந்தத் தேதிக்கு?"

"தேதி போடல."

எனக்கு நெஞ்சில் ஏதோ நழுவியது. நழுவும்போதெல்லாம் என் வாய் என்ன செய்யுமோ அதையே செய்தது. "ஏன், உன்னைத் தூக்குற அளவுக்குப் பெரிய விமானம் கிடைக்கலையா?" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"இதத்தான் சொல்ல வந்தேன். நான் இங்க வந்து ஏழு மாசம் ஆச்சு. ரோட்டுல நடக்கறேன், கடைக்குப் போறேன், பார்க்குல குழந்தைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கல. அங்க நான் உன் பஸ்ல ஏறினா, நான் ஏறுறதுக்கு முந்தியே எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க."

"அது சும்மா வெளையாட்டு, சுமிந்திரா."

"உனக்கு."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வெளையாட்டுதானே? இருபத்தெட்டு வருஷமா வெளையாட்டுதானே? அவளும்தான் சிரிச்சா. சிரிச்சாளா? முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத் திரும்பிக்குவா. நான் சிரிப்பை மறைக்கிறாள்னு நெனச்சேன். வேற என்னன்னு நெனைக்கிறது — எனக்கு யாரு சொன்னா?

மதியம் எல்லாவற்றையும் அவிழ்த்தேன். சீரியல் லைட், சட்டம், காகிதப் பூ, எல்லாம். யாருக்கு இதெல்லாம்? போனை அணைத்து அரிசி டின் பக்கத்தில் வைத்தேன். அவளே கூப்பிடட்டும். கூப்பிட்டால் எடுக்கப்போவதில்லை. போன்தான் அணைந்திருக்கிறதே, எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்காதே டைரி. நீயும் ஆரம்பிக்காதே.

அக்டோபர் 22, செவ்வாய்

பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. தோன்றாமல் இல்லை. தோன்றியது. தினம் மூன்று பையோடு ஏறுகிற ஒரு அம்மா உண்டு. அவளைப் பார்த்தவுடன், "அம்மா, வீட்டையும் எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்சீட்டுக்கு ஓடுவாள். இன்றைக்கு நான் சும்மா இருந்தேன். கொஞ்சம் காத்துப் பார்த்தாள். பிறகு முன்சீட்டிலேயே உட்கார்ந்து பைகளை மடியில் அடுக்கிக்கொண்டாள். கடல் தெரிகிற பக்கம். இறங்குமிடம் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் நாந்தி ஏர்போர்ட் பக்கம் ஒரு விமானம் இறங்கப் போனது. நேராகத்தான் பறந்தது.

அக்டோபர் 26, சனி

தெரு முழுக்க விளக்குப் போட்டுவிட்டார்கள். கௌஷல்யா வீட்டில் நீலமும் வெள்ளையும் மாறி மாறி ஓடுகிறது. என் வீடு மட்டும்தான் இருட்டு. இருக்கட்டும்.

சாயங்காலம் கௌஷல்யா சாப்பாடு கொண்டுவந்தாள். சாதம், பருப்பு, பூசணிக்காய்க் கறி. எப்போதும் வாசலிலிருந்தே கத்துகிறவள், இன்றைக்கு மெதுவாகப் படியேறி வந்து, பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"சாப்பிடுங்கண்ணே. உடம்புல தெம்பு வேணும்."

வேறொன்றும் பேசவில்லை. உட்காரவும் இல்லை.

ஆக, தெரிந்துபோய்விட்டது. டிரைவர் முன்சாமியின் பெண்டாட்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோய்விட்டது. பஸ்ஸிலும் அப்படித்தான். நேற்று இரண்டு பேர் இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்கள். அந்த மூன்று பை அம்மா ஒரு கொய்யாப்பழத்தை மீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஊரையே சிரிக்க வைத்தவனைப் பார்த்து ஊரே பரிதாபப்படுகிறது. இதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம்.

பூசணிக்காய் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

மேலும் இரண்டு வீட்டிலிருந்து சாப்பாடு. யாரும் 'தீபாவளி வாழ்த்து' என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. வைக்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், போகிறார்கள். பிரிட்ஜில் இடமில்லை. பெண்டாட்டி போனால் இத்தனை பருப்பு வரும் என்று தெரியாது.

இதைச் சுமிந்திராவிடம் சொன்னால் — இல்லை. சொல்லக்கூடாது. இதுவும் அந்த ரகம்தான்.

அக்டோபர் 28, திங்கள்

ராமாயண மண்டலித் தலைவர் தேவ் நாராயண் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. மண்டலி உங்க வீட்டுல. நீங்க ஒண்ணும் செய்யவேணாம். ஜமுக்காளத்துலேருந்து டீத்தூள் வரைக்கும் நாங்களே கொண்டுவர்றோம்."

செவ்வாய்தோறும் ஒரு வீடு என்று மண்டலி ராமாயணம் படிக்க மாறி மாறிப் போகும். என் முறை டிசம்பரில்தானே? கேட்கலாமா என்று பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பின்னால் இன்னொரு பஸ் ஹார்ன் அடித்தான். சரி என்றேன்.

அக்டோபர் 30, புதன்

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும். சேர்க்கக்கூடாது. சேர்க்கத் தேவையும் இல்லை.

ஐந்தரைக்கு வர ஆரம்பித்தார்கள். இருபது பேர் இருக்கும். ஆண்கள் எல்லாம் வெள்ளைச் சட்டை. பெண்கள் வெள்ளைத் துப்பட்டா. கடைசியாகக் கீழ்வீட்டு மெரேஸீனி. தலை முதல் கால் வரை கறுப்பு. தோளில் புத்தம்புதுப் பாய் ஒன்று, சுருட்டியபடி. அவர்கள் ஃபிஜிப் பூர்வகுடி ஜனத்தில் பெரிய காரியத்துக்குத்தான் பாய் கொண்டுபோவார்கள்.

"என்ன மெரே, குடிவர்றியா?" என்று கேட்டேன். பத்து நாளில் முதல் கிண்டல். அவள் பாயை என் காலடியில் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். "நல்லவ... எனக்கு ஜுரம்னா கஞ்சி கொண்டாருவா..." என்றாள்.

தேவ் நாராயண் அண்ணன் புத்தகத்தைத் திறந்தார். தசரதன் உயிர் விடுகிற பகுதி. தீபாவளி வாரத்தில் ராமன் திரும்பி வருகிற பகுதியை அல்லவா படிப்பார்கள்? மனிதருக்கு வயசாகிவிட்டது, பக்கம் தப்பிவிட்டது என்று நினைத்தேன். டோலக் ரொம்ப மெதுவாக விழுந்தது.

படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

"பதிமூணாம் நாள் காரியத்தை சிட்னியிலேயே வச்சுக்கிறாங்களா தம்பி? இல்ல இங்கயும் செய்யணுமா?"

"யாருக்கு?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கௌஷல்யாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். வீல் என்று கத்தி அதை ஜமுக்காளத்தில் எறிந்தாள்.

"அண்ணி! அண்ணிதான் கூப்பிடுறாங்க!"

ஒருவரும் தொடவில்லை. போன் நடுவில் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. சுமிந்திரா சிரிக்கிற படம் ஒன்று அதில் வந்து வந்து போகிறது. டோலக்காரன் பின்னால் நகர்ந்தான். கடைசியில் மெரேஸீனிதான் ஒரு விரலை நீட்டி அழுத்தினாள். எதை அழுத்தினாளோ, சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"கௌஷல்யா... மறைக்காத, சொல்லு. காலைல ஷிவ்நீத்தாவுக்கு 'தைரியமா இரும்மா'ன்னு அனுப்பியிருக்க. நாங்க எல்லாரும் இங்க நல்லா இருக்கோம். அப்போ அவருதானே? பத்து நாளா போன எடுக்கல... எப்போ போச்சு? பக்கத்துல யாரு இருந்தா? தனியாவா போனாரு? சொல்லேன்டி, தனியாவா போனாரு?"

இப்படி அவள் அழுது நான் கேட்டதில்லை. அவள் அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை.

வீட்டில் இருபது தலையும் என் பக்கம் திரும்பியது.

எனக்கு வாயில் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். 'மேலேருந்துதான் பேசறேன், இங்க டவர் நல்லா கிடைக்குது' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாழ்நாளில் அப்படி ஒன்று திரும்ப அமையாது. முழுங்கினேன்.

"சுமிந்திரா, நான் இருக்கேன். யாரும் சாகல."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"நெசமா?"

"நெசமா. போனை நான்தான் அணைச்சு வச்சேன்."

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். ஐந்து நிமிஷம். என் அப்பா வரைக்கும் போனாள், டிப்போ மேனேஜர் வரைக்கும் வந்தாள். மண்டலி மொத்தமும் பக்தியோடு கேட்டது. எனக்குப் போதுமா என்று பார்க்க நடுவில் ஒரு தடவை நிறுத்தினாள். போதவில்லை என்று தெரிந்து தொடர்ந்தாள்.

தெரு அழுதது அவளுக்காகத்தான் என்று நான் சொன்னதும் கோபம் கௌஷல்யா பக்கம் திரும்பியது. "ஏன்டி, நான் செத்துட்டேன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்?" கௌஷல்யாவுக்கும் கோபம். "நீங்க இருபத்து நாலாம் தேதி வரல. அண்ணன் பஸ்ல வாயே தொறக்கல. கட்டின விளக்கைக் கழட்டிட்டாரு! தெருவுல உங்க வீடு ஒண்ணுதான் இருட்டு! நான் என்னன்னு நினைக்கிறது? நாலு நாளா அழுது எனக்குத் தலைவலி!"

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த ஊரில் தீபாவளிக்கு ஒரு வீடு இருட்டாக இருந்தால் அந்த வருஷம் அங்கே சாவு என்று அர்த்தம். போய் விசாரிக்கக்கூடாது, வாழ்த்துச் சொல்லக்கூடாது, சாப்பாடு கொண்டுபோய் வைக்கவேண்டும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த முறை. போன வருஷம் கோடிவீட்டுக்கு நானே பலகாரத் தட்டு தூக்கிப் போயிருக்கிறேன். என் வீட்டு இருட்டைப் பார்க்கிறபோது மட்டும் எனக்கு அது தோன்றவில்லை. உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்குத் தன் வீடு எப்படித் தெரியும்?

சுமிந்திரா மெதுவாக, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

"ஏன் விளக்கைக் கழட்டின?"

"நீ வரல. யாருக்குப் போடுறது?"

தேவ் நாராயண் அண்ணன் புத்தகத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். ஏற்கனவே சுற்றியிருந்த துணியைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

"போடு," என்றாள். "நான் உயிரோட இருக்கேன்னு ஊருக்குத் தெரியவேணாமா? இப்பவே போடு. கௌஷல்யா, போனைத் தூக்கிக் காட்டு. யாரு ஏணி பிடிக்கிறது?"

மண்டலித் தலைவர்தான் ஏணி பிடித்தார். துக்கம் கேட்க வந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பால்கனியில் நெருக்கிக்கொண்டு நின்று சீரியல் லைட்டைச் சிக்கெடுத்தார்கள். சுமிந்திரா போனுக்குள்ளிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அதட்டினாள். சட்டத்தைத் தலைகீழாகக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினோம். கரி விழுந்து எல்லார் சட்டையும் புள்ளி புள்ளியாக ஆனது. ஏழு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சுமிந்திரா அதற்குள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள். விளக்கு எரிந்ததை அவள் பார்க்கவில்லை.

மெரேஸீனி பாயை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. "கொண்டாந்தது கொண்டாந்ததுதான். எப்பவாவது யாராவது சாவாங்கல்ல, வச்சுக்க" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முப்பத்தாறு அகலும் ஏற்றினேன். வேன் வேனாக ஆட்கள் விளக்குப் பார்க்க வந்தார்கள். என் வீட்டு முன்னாலும் இரண்டு வேன் நின்றது. படம் எடுத்துச் சிட்னிக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வந்த பலகாரம் எட்டுத் தட்டு. ஒருவன் எவ்வளவு தின்பான்?

நவம்பர் 3, ஞாயிறு

போன். செத்துப்போயிருந்த நாட்களில் தன்னைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் கௌஷல்யாவிடம் ஒன்று விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறாள். யாருக்கோ பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்தது, மெரேஸீனியின் கஞ்சி, கோடிவீட்டுக் கிழவிக்கு நகம் வெட்டிவிட்டது. பாதி எனக்கே தெரியாது.

"இத்தனை பேரு என்னைப் பத்தி நல்லதாச் சொல்லியிருக்காங்க. நீ சொல்லேன் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. சிரிக்காம."

வாயைத் திறந்தேன். மூடினேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றேன்.

"ஏன், அந்த பஸ் வாரத்துக்கு ஒருதரம்தான் வருமா?"

பார்த்தாயா! அவளுக்கும் வருகிறது. நன்றாகவே வருகிறது. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள்?

நவம்பர் 5, செவ்வாய்

எழுதிப் பார்க்கிறேன். 'என் மனைவி நன்றாகச் சமைப்பாள். சான்று, அவளே.'

அடித்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

'என் மனைவிக்குப் பொறுமை அதிகம். இல்லாவிட்டால் என்னோடு —' இதுவும் கடைசியில் என்னைப் பற்றித்தான் போகிறது. அடித்தாச்சு. ஒரு மனுஷியைப் பற்றி ஒரு வரி நேராக எழுத இத்தனை கஷ்டமா? பத்து சக்கர லாரியை ரிவர்ஸ் எடுக்கலாம்.

நவம்பர் 9, சனி

எழுதிவிட்டேன். நாளைக்கு அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

'சுமிந்திரா, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. லைசென்ஸ் ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, எந்தக் கவுண்டரில் பாரம் நீட்டினாலும் நீ முந்திக்கொண்டு வாங்குவாய். "அவரு கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டாரு" என்று சொல்லி நீயே நிரப்புவாய். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறாய். என்னிடம் கண்ணாடியே கிடையாது. இதுவரை ஒருத்தரிடமும் நீ இதைச் சொல்லிச் சிரித்ததில்லை. என்னிடம்கூட. என்னைப் பற்றிச் சிரிக்க உன் கையில் எவ்வளவோ இருந்தது. நீ ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. நான் உன்னிடம் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.'

நவம்பர் 10, ஞாயிறு

படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை, நிறுத்திவிட்டுப் படித்தேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். சிட்னியில் ஏதோ கார் போகிற சத்தம்.

"இதை பஸ்ல சொல்லிடலையே?" என்றாள்.

"இல்ல."

"சொல்லாத. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

நவம்பர் 21, வியாழன்

பஸ்ஸில் மறுபடி பேசுகிறேன். என்னைப் பற்றி மட்டும். செத்துப் பிழைத்த கதையைப் போன வாரம் இரண்டு பாகமாகச் சொன்னேன். முன்பு மாதிரி அவ்வளவு சிரிப்பில்லை. மூன்று பை அம்மா மட்டும் முன்சீட்டிலிருந்து, "அப்புறம்?" என்றாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

நாற்பது நிமிஷம் பேசினாள். பேத்திக்குப் பல் முளைத்தது, ரயிலில் தனியாகப் போய்த் திரும்பி வந்தது, கடைக்காரியோடு சண்டை. நான் கேட்டேன். இத்தனை பேச்சு இருக்கிறது அவளிடம்.

வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. மில்லும் நின்றுவிட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் போன். விசேஷம் ஒன்றும் இல்லை. வைக்கிற நேரத்தில், "அங்க மழை அதிகமாமே. அலமாரில என் துணியெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும். வெயில் வந்தா எடுத்துக் காய வை" என்றாள். ஏன், எதற்கு, எப்போது என்று நான் கேட்கவில்லை. "சரி" என்றேன்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். சேலை பதினேழு, சல்வார் ஒன்பது, கோவிலுக்குக் கட்டுகிற மஞ்சள், மார்க்கெட்டுக்குப் போடுகிற அந்தப் பழைய நீலப் பூ. கம்பி போதாமல் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் கயிறு கட்டினேன். ஒன்றொன்றாக உதறி, மடிப்புப் பிரித்து, இரண்டு பக்கமும் வெயில் படுகிற மாதிரி போட்டேன். கரி இல்லை. பால்கனி நிறைந்துவிட்டது. உள்ளே நிற்க எனக்கே இடமில்லை.

எதிர்வாசலிலிருந்து கௌஷல்யா பார்த்துவிட்டாள். விளக்குமாறும் கையுமாகத் தெருவுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே! அண்ணி வந்துட்டாங்களா?"

தொங்குகிற சேலை ஒன்றை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"இன்னும் இல்ல," என்றேன்.